நீரைக் கட்டிப்போடும் மாவு

கொதிக்கிற பாலில் ஒரு கரண்டி மைதாவைக் கொட்டிக் கிண்டிப் பாருங்கள். கை வலிக்கக் கிண்டினாலும் கட்டி தட்டும். கரண்டியால் நசுக்கப்போனால் கட்டி வழுக்கிக்கொண்டு நழுவும். ஒன்றைப் பிடித்துப் பிட்டால் உள்ளே உலர்ந்த மாவு இருக்கும். பாத்திரம் நிறையப் பால் இருந்தும் அந்த மாவு நனைந்திருக்காது. அதே மைதாவை முதலில் வெண்ணெயில் வதக்கிவிட்டு, அதன்மேல் அதே பாலை ஊற்றிக் கிண்டினால் கட்டியே இல்லாமல் சீராகக் கெட்டிப்படுகிறது. மாவும் பாலும் அடுப்பும் மாறவில்லை. நடுவில் வந்த வெண்ணெய் என்ன செய்தது?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ஒரே அடுப்பிலிருந்து ஒரே நேரத்தில் இறக்கிய ரசமும் கூழும் ஒரே அளவு டம்ளர்களில் இருக்கின்றன. ரசம் குடிக்கும் பதத்துக்கு வந்துவிடுகிறது. கூழ் மேலே ஆறி ஆடை படிந்திருந்தாலும், நம்பி ஒரு வாய் குடித்தால் நாக்கு பொத்துவிடும். ஏன்?

இரண்டுக்கும் விடை ஒன்றுதான். ஒரு ஜப்பானியக் குழம்பைப் படிப்படியாகச் சமைத்தபடியே அதைக் கண்டுபிடிப்போம்.

பறக்கும் கப்பலின் அடுக்களை

1986இல் ஹயாவோ மியாசாகி இயக்கத்தில் 'லபுடா: வானத்துக் கோட்டை' என்ற அனிமேஷன் படம் வந்தது. ஸ்டூடியோ ஜிப்லி என்ற பெயரில் தயாரான முதல் படம் அது. கதையின் நடுவில் ஷீட்டா என்ற சிறுமி, வான்கொள்ளையரின் பறக்கும் கப்பலில் ஏறுகிறாள். கப்பலின் தலைவி டோலா அவளிடம் ஒப்படைப்பது சமையல்கட்டை. கழுவாத பாத்திரங்கள் குவிந்து, எங்கு தொட்டாலும் அழுக்காக இருக்கும் அந்த இடத்தை ஒழுங்குபண்ணி அவள் அடுப்பு மூட்டுகிறாள். முரட்டுக் கொள்ளைக்காரர்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லிக்கொண்டு அசட்டுச் சிரிப்போடு உதவிக்கு வந்து நிற்கிறார்கள். கடைசியில் எல்லோரும் கிண்ணத்தை நீட்டி இன்னும் கேட்பது ஒரு ஸ்டூவுக்காக.

ஜிப்லி படங்களில் வரும் சாப்பாட்டை வீட்டில் சமைத்துப் பார்ப்பது ரசிகர்களிடையே ஒரு தனிப் பொழுதுபோக்கு. இந்த ஸ்டூவுக்குப் படம் செய்முறை எதையும் சொல்வதில்லை. அதனால் அவரவர் விருப்பப்படி செய்கிறார்கள். நாம் அதை ஜப்பானிய வீடுகளில் குளிர்காலத்தில் வழக்கமாக வைக்கும் கிரீம் ஸ்டூவாகவே வைப்போம். கோழிக்கறி, வெங்காயம், கேரட், உருளைக்கிழங்கு, வெண்ணெய், மைதா, பால், உப்பு, கொஞ்சம் மிளகுத்தூள். பெயரில் கிரீம் இருந்தாலும் பல வீடுகளில் அதைச் சேர்ப்பதே இல்லை. கிரீம் போட்டதுபோன்ற அந்தக் கெட்டித்தன்மை முழுக்க மைதாவின் கைங்கரியம்.

மேற்கத்தியச் சமையலைத் தங்கள் நாவுக்கேற்ப மாற்றி ஜப்பானியர் உருவாக்கிக்கொண்ட உணவுவரிசையில் இதற்கும் இடமுண்டு. ஆனால் இதை ஊரறியச் செய்ததில் பள்ளிக்கூடங்களுக்குப் பெரிய பங்கு. இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜப்பானில் கடும் உணவுப் பஞ்சம். 1946 டிசம்பரில் டோக்கியோ, கனகாவா, சிபா பகுதிகளில் பள்ளி மதிய உணவு மீண்டும் தொடங்கியது. வெளிநாட்டு உதவியாக வந்த கொழுப்பு நீக்கிய பால்பொடி அதில் முக்கியச் சரக்கு. அந்தப் பாலை அப்படியே குடிக்கப் பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். காய்கறியோடு கலந்து வெள்ளை ஸ்டூவாகக் கொடுத்தபோது இறங்கியது. 1966இல் ஹவுஸ் நிறுவனம் கிரீம் ஸ்டூவுக்கான ஆயத்தக் கலவையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பள்ளியில் சாப்பிட்டது வீட்டு அடுப்புக்கும் எளிதாக வந்து சேர்ந்தது.

இன்று அந்தக் கலவை தூளாகவும் கிடைக்கிறது, சாக்லேட் பாளம்போலக் கட்டியாகவும் கிடைக்கிறது. அட்டைப்பெட்டியின் பின்புறம் செய்முறை அச்சிட்டிருக்கும். அதில் ஒரு வரி தவறாமல் வரும்: காய்கறி வெந்ததும் அடுப்பை அணைத்துவிட்டுக் கலவையைச் சேர்க்கவும், கரைந்தபின் மறுபடி அடுப்பைப் பற்றவைக்கவும். கொதிக்கிற குழம்பில் நேரே போட்டால் என்ன? ஏன் அணைக்கச் சொல்கிறார்கள்? போகப்போகப் புரியும்.

மாவுமணிக்குள் புகும் நீர்

மைதாவின் எடையில் 70 சதவீதத்துக்கு மேல் மாவுச்சத்து. பத்துச் சதவீதம் அளவுக்குப் புரதம். மீதியில் பெரும்பகுதி ஈரப்பதம். மாவுச்சத்து தனித்தனி மணிகளாக இருக்கிறது. இவற்றை மாவுமணி என்று அழைப்போம். கோதுமையின் மாவுமணிகளில் பெரியவை சுமார் 20 முதல் 30 மைக்ரோமீட்டர் அகலம்; சிறியவை 10 மைக்ரோமீட்டருக்கும் கீழே. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறுபோட்டால் ஒரு கூறுதான் மைக்ரோமீட்டர்.

ஒவ்வொரு மணியும் சர்க்கரைத் துணுக்குகள் கோத்த நீண்ட சங்கிலிகளால் ஆனது. கிளையில்லாமல் நேராக ஓடும் சங்கிலிக்கு அமைலோஸ் என்று பெயர். கிளைவிட்டுப் படர்ந்தது அமைலோபெக்டின். கோதுமையில் அமைலோஸ் ஏறத்தாழ கால் பங்கு. பச்சைத் தண்ணீரில் மாவைக் கரைத்தால் இந்தச் சங்கிலிகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டிருப்பதால் நீர் அதிகம் உள்ளே புக முடியாது. சற்றுநேரம் வைத்திருந்தால் மாவு அடியில் படிந்துவிடுவதைப் பார்க்கலாம்.

சூடேற்றினால் கதை மாறுகிறது. 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வாக்கில் சங்கிலிகளின் பிடி தளர ஆரம்பிக்கிறது. அந்த இடைவெளிகளில் நீர் புகுந்து ஒட்டிக்கொள்கிறது. மணி ஊதுகிறது. 90 டிகிரியை நெருங்கும்போது தன் எடையைப்போல் பத்து மடங்குக்கும் மேல் நீரை இழுத்துவைத்துக்கொண்டு கொழகொழவென்று ஆகிவிடுகிறது. உள்ளிருந்த அமைலோஸ் இழைகள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிந்து, மணிகளுக்கு இடையிலுள்ள நீரிலும் நீளநீளமாக மிதக்கின்றன. இந்த மொத்த மாற்றத்துக்கும் கஞ்சியாதல் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

கஞ்சியானபின் திரும்பிப்போக வழியில்லை. ஆறவைத்தாலும் மாவுமணி பழைய இறுகிய உருவத்துக்கு வராது. நீர் பாத்திரத்தில்தான் இருக்கிறது, ஆனால் விருப்பம்போல் ஓடியாடும் சுதந்திரம் அதற்குப் போய்விட்டது. குழம்பு கெட்டிப்பட்டது என்று நாம் சொல்வது இதைத்தான்.

கட்டி எப்படிப் பிறக்கிறது

இப்போது முதல் கேள்வி. ஒரு கரண்டி மைதா கொதிக்கும் பாலில் விழுகிறது. அந்தக் குவியலின் வெளிப்புறத்தில் இருக்கும் மணிகளுக்குத்தான் முதலில் சூடும் கிடைக்கிறது, நீரும் கிடைக்கிறது. அவை கண்ணிமைக்கும் நேரத்தில் கஞ்சியாகி, ஊதி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. குவியலைச் சுற்றி ஒரு பசைத்தோல் உருவாகிவிடுகிறது. அந்தத் தோலைத் தாண்டி நீர் உள்ளே போவது மிகமிக மெதுவாகத்தான் நடக்கும். வெளியே வெந்து உள்ளே மாவாகவே நிற்கும் கொழுக்கட்டைபோல் கட்டி அப்படியே நின்றுவிடுகிறது. பிட்டுப் பார்த்தால் மாவு நனையாமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஆக, கட்டி தட்டுவதும் குழம்பு கெட்டிப்படுவதும் ஒரே நிகழ்ச்சிதான். இரண்டிலும் நடப்பது கஞ்சியாதலே. மணிகள் கூட்டமாக இருக்கும்போது நடந்தால் கட்டி. ஒவ்வொன்றும் விலகி நின்றபின் நடந்தால் கெட்டிக்குழம்பு. சமையல்காரர் செய்யவேண்டியது மணிகளை முதலில் பிரிப்பது, பிறகு சூடேற்றுவது. இந்த வரிசை மாறாமல் இருந்தால் போதும்.

பிரிப்பதற்குப் பல வழிகள் உண்டு. சூப்பில் சேர்க்குமுன் சோளமாவைப் பச்சைத் தண்ணீரில் கரைப்பது ஒன்று. பச்சைத் தண்ணீரில் கஞ்சியாதல் நடக்காது என்பதால் மணிகள் நிதானமாகப் பிரிந்துகொள்கின்றன. வெண்ணெய் இன்னொரு வழி. உருகிய கொழுப்பு ஒவ்வொரு துகளையும் பூசி, பக்கத்துத் துகளிலிருந்து விலக்கிவைக்கிறது. பாலை ஊற்றிக் கிண்டும்போது அந்தத் துகள்கள் திரவம் முழுக்கப் பரவியபின்தான் நீர் அவற்றை எட்டுகிறது. சம எடை வெண்ணெயும் மாவும் வதக்கிய இந்தக் கலவைக்கு பிரெஞ்சுச் சமையலில் ரூ என்று பெயர். உலகம் முழுக்க அந்தப் பெயரே புழங்குகிறது.

அட்டைப்பெட்டியின் வரிக்கும் இப்போது பொருள் விளங்கும். கடையில் வாங்கும் கட்டியும் மாவைக் கெட்டிக்கொழுப்பில் குழைத்த ரூதான். கொதிக்கிற குழம்பில் போட்டால், கொழுப்பு உருகி மாவு பரவுவதற்குள் கட்டியின் வெளிப்புறம் கஞ்சியாகிவிடும். அடுப்பை அணைத்துக் கொதி அடங்கினால், பரவுவதற்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கிறது.

ஒரு பானையின் கணக்கு

நான்கு பேருக்கு வைப்போம். எலும்பில்லாத கோழித் தொடைக்கறி 300 கிராம், வெங்காயம் ஒன்று, கேரட் ஒன்று, உருளைக்கிழங்கு மூன்று. வெண்ணெய் 40 கிராம், மைதா 40 கிராம், தண்ணீர் 300 மில்லி, பால் 500 மில்லி.

பானையில் வெண்ணெயில் பாதியை உருக்கிக் கறியையும் வெங்காயத்தையும் வதக்குங்கள். சிவக்க விடவேண்டாம். கேரட்டையும் உருளைக்கிழங்கையும் போட்டுத் தண்ணீர் ஊற்றி மூடி, முக்கால் பதம் வேகவையுங்கள். பாலை இப்போது சேர்க்கக்கூடாது. காய்கறியின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பசையின் பெயர் பெக்டின். காய் வேகிறது என்றால் இந்தப் பெக்டின் சூட்டில் கரைந்து செல்கள் தளர்கின்றன என்று பொருள். பாலில் கால்சியம் நிறைய. கால்சியம் பெக்டின் இழைகளைச் சேர்த்துக் கட்டிவிடும். பாலிலேயே வேகவைத்தால் உருளைக்கிழங்கு மெத்தென்று ஆக அதிக நேரம் பிடிப்பது இதனால்தான். தண்ணீரில் வேகவைத்து, கடைசியில் பால் விடுவது என்ற வழக்கத்துக்குப் பின்னால் இந்த வேதியியல் இருக்கிறது.

கிழங்கின் வகைக்கும் இதில் பங்குண்டு. ஜப்பானிய வீடுகளில் இரண்டு வகை பிரபலம். மே குயின் எவ்வளவு நேரம் கொதித்தாலும் வடிவம் கலையாமல் நிற்கும். தான்ஷாக்கு மாவுச்சத்து மிகுந்தது. ஓரங்கள் உதிர்ந்து குழம்போடு கலந்துவிடும். உதிர்ந்த அந்த மாவும் கஞ்சியாகி, மைதாவின் வேலையில் கொஞ்சத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். தான்ஷாக்கு போட்டால் மைதாவைச் சற்றுக் குறைக்கலாம்.

காய் வேகும்போது இன்னொரு வாணலியில் மீதி வெண்ணெயை மிதமான தீயில் உருக்குங்கள். நுரைத்துப் பொங்கும். வெண்ணெயில் ஏறத்தாழ 16 சதவீதம் நீர். அது ஆவியாகி வெளியேறும் சத்தமும் நுரையும்தான் அது. மைதாவைத் தூவி இரண்டு மூன்று நிமிடம் கிண்டுங்கள். பச்சை மாவின் வாடை போகவேண்டும், நிறம் மாறக்கூடாது. 20 கிராம் வெண்ணெய்க்கு 40 கிராம் மாவு இறுக்கமாகத் தோன்றினால் இன்னும் கொஞ்சம் வெண்ணெய் சேர்த்துக்கொள்ளுங்கள். மாவு முழுக்கக் கொழுப்பில் ஊறியிருப்பது முக்கியம். சிவக்க வறுத்தால் மணம் கூடும், குழம்பின் வெள்ளை போய்விடும். இன்னொரு நஷ்டமும் உண்டு. நெடுநேரச் சூட்டில் மாவுச்சத்துச் சங்கிலிகள் துண்டுபட்டுப் போகும். சிவந்த ரூ, வெளுத்த ரூவைவிடக் குறைவாகத்தான் கெட்டிப்படுத்தும்.

பாலை முதலில் ஒரு கரண்டி ஊற்றிக் குழைத்து, அது பசையானதும் அடுத்த கரண்டி என்று போங்கள். பசை கெட்டியாக இருக்கும்போது கரண்டியின் அழுத்தம் ஒவ்வொரு துகளுக்கும் போய்ச் சேரும். தப்பித்தவறி உருவான சிறு கட்டியும் உடையும். முழுப்பாலும் சேர்ந்தபின் இதைப் பானையில் ஊற்றி, அடிபிடிக்காமல் கிண்டியபடி மெல்லக் கொதிக்கவிடுங்கள்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். 40 கிராம் மைதாவில் ஏறத்தாழ 29 கிராம் மாவுச்சத்து. உலர்ந்த நிலையில் அது பிடிக்கும் இடம் சுமார் 20 மில்லி. மொத்தத் திரவம் 800 மில்லி. அதாவது நாற்பதில் ஒரு பங்கு. ஐந்து நிமிடம் கொதித்தபின் ஒவ்வொரு மணியும் தன் எடையைப்போல் 10 முதல் 15 மடங்கு நீரை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று வைத்துக்கொண்டால், ஊதிய மணிகள் மட்டும் 300 முதல் 450 மில்லி இடத்தை நிரப்புகின்றன. பானையில் கிட்டத்தட்டப் பாதி. மணிகளின் எண்ணிக்கையோ சில நூறு கோடிக்குக் குறையாது. ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நகரும் இத்தனை கோடி மென்மணிகள் ஒரு பக்கம், இடைவெளி நீரில் மிதக்கும் அமைலோஸ் இழைகள் மறுபக்கம். கரண்டியை இழுக்கும்போது கையில் உணரும் கனம் இவை இரண்டும் சேர்ந்தது.

சரியான பதம் வந்ததா என்று பார்க்க, கரண்டியின் பின்புறத்தைக் குழம்பில் தோய்த்து எடுத்து அதன்மேல் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு மூடாமல் நின்றால் பதம் சரி.

பால் திரியாமல் நிற்பது எப்படி

பாலைக் கறியோடும் உப்போடும் கொதிக்கவைக்கிறோமே, திரிந்துவிடாதா என்று பயம் வருவது இயல்பு. பாலின் முக்கியப் புரதமான கேசீன் மிக நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. இந்த உருண்டைகள் வெறும் சூட்டுக்கு அசைந்துகொடுப்பதில்லை. நல்ல பாலை 100 டிகிரியில் நெடுநேரம் கொதிக்கவைத்தாலும் கேசீன் திரளாது. அதற்கு எதிரி புளிப்பு. தக்காளியோ வைனோ எலுமிச்சையோ அளவுக்கு மீறினால் உருண்டைகள் ஒன்றை ஒன்று தள்ளிவைக்கும் விசையை இழந்து திரண்டுவிடும். கிரீம் ஸ்டூவில் புளிப்பான பொருள் ஏதும் இல்லாதது ஒரு பாதுகாப்பு. கஞ்சியான மாவு இன்னொரு பாதுகாப்பு. உருண்டைகள் ஒன்றையொன்று தேடிப்போய் ஒட்டிக்கொள்ள முடியாதபடி நடுவில் நிற்கிறது அது.

குழம்பின் வெள்ளைக்கும் இந்தக் கேசீன் உருண்டைகளும் பாலின் கொழுப்புத் துளிகளும்தான் காரணம். இவை எந்த நிறத்தையும் தனியாக விழுங்குவதில்லை. விழும் ஒளி முழுவதையும் எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கின்றன. எல்லா நிறமும் சேர்ந்து சிதறினால் கண்ணுக்கு வெள்ளை.

நாக்கைச் சுட்டுக்கொண்ட விஞ்ஞானி

இனி இரண்டாவது கேள்வி. இதற்கு முதலில் விடை தேடியவர்களில் ஒருவர் அதற்கு விலையாகத் தன் வாயைச் சுட்டுக்கொண்டார். அவர் பெயர் பெஞ்சமின் தாம்சன். அமெரிக்காவில் பிறந்து, பவேரிய ஆட்சியாளரிடம் வேலைபார்த்து, ரம்ஃபோர்டு பிரபு என்ற பட்டம் பெற்றவர். மியூனிக் நகரத்து ஏழைகளுக்காகப் பார்லியும் பட்டாணியும் உருளைக்கிழங்கும் சேர்த்து மலிவான, கெட்டியான சூப் ஒன்றை வகுத்தவர். லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் உருவாகவும் காரணமானவர்.

வேகவைத்த ஆப்பிள் அடைத்த பண்டங்கள் வெகுநேரம் சூடாறாமல் இருப்பதை அவர் கவனித்தார். ஒருமுறை சூடு தாங்காமல் ஒதுக்கிவைத்த கெட்டியான அரிசி சூப்பை வெகுநேரம் கழித்து எடுத்திருக்கிறார். மேலாக எடுத்த கரண்டி ஆறிக் கிடந்தது. ஆழத்திலிருந்து எடுத்த அடுத்த கரண்டி வாயைச் சுட்டுவிட்டது. மேலே ஆறியது கீழே ஏன் ஆறவில்லை? 1797இல் வெளியான தன் கட்டுரையில் இதற்கான சோதனைகளை விவரித்தார்.

வெறும் தண்ணீர் எப்படி ஆறுகிறது? டம்ளரின் ஓரத்திலும் மேற்பரப்பிலும் உள்ள நீர் சூட்டை இழக்கிறது. குளிர்ந்த நீர் சற்றுக் கனமாகிக் கீழே இறங்குகிறது. அந்த இடத்துக்கு உள்ளிருந்து சூடான நீர் வருகிறது. அதுவும் ஆறுகிறது, இறங்குகிறது. பள்ளிப் பாடத்தில் வரும் வெப்பச்சலனம் இதுவே. டம்ளரில் உள்ள ஒவ்வொரு சொட்டும் முறைபோட்டு ஓரத்துக்கு வந்து தன் சூட்டைக் கொட்டிவிட்டுப் போகிறது.

இந்த ஓட்டத்தைத் தடுத்தால் என்ன ஆகும் என்று பார்க்க ரம்ஃபோர்டு வெறும் தண்ணீரை மாவுச்சத்து கலந்த தண்ணீரோடு ஒப்பிட்டார். ஐடர் வாத்தின் மெல்லிய தூவிகளைக் கலந்த தண்ணீரோடும் ஒப்பிட்டார். மாவு கலந்ததிலும் தூவி கலந்ததிலும் வெப்பம் மெதுவாகவே பயணித்தது. தூவிச் சோதனை இங்கே பெரிய சாட்சி. தூவி தண்ணீரோடு வேதிவினை எதுவும் செய்வதில்லை. அதன் அளவும் சொற்பம். நீரை ஓடவிடாமல் தடுப்பது ஒன்றே அதன் வேலை. ஓட்டம் நின்றாலே ஆறுவது தாமதப்படும் என்று அதிலிருந்து தெரிந்தது.

நம் பானையிலும் அதுவே நடக்கிறது. பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் மாவுமணிகள் நீரைப் பிடித்துவைத்திருப்பதால் வெப்பச்சலனம் தளர்ந்துபோகிறது. நடுவில் இருக்கும் சூடு அடுக்கடுக்காகக் கடந்துதான் ஓரத்துக்கு வரவேண்டும். மேற்பரப்பு ஆறி ஆடை படிந்தபின்னும் உள்ளே சூடு அப்படியே இருக்கிறது. கூழ் நாக்கைச் சுடுவதும் இதனால்தான். குழம்பைக் கெட்டியாக்குவதும் சூட்டைக் காப்பாற்றுவதும், கட்டிப்போடப்பட்ட அதே நீர்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரே மாதிரியான இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் ஒன்றில் வெந்நீரும் இன்னொன்றில் சோளமாவுக் கஞ்சியும் ஒரே சூட்டில் ஊற்றிவையுங்கள். பத்து நிமிடம் கழித்து இரண்டிலும் நடுவில் வெப்பமானியை விட்டுப் பாருங்கள். கலக்காமல் அளப்பது முக்கியம். கலக்கினால் நின்றிருந்த ஓட்டத்தை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள்.

வானத்தில் வேகுமா?

ஷீட்டாவின் அடுக்களை தரையில் இல்லை. உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறையும். நீர் கொதிக்கும் வெப்பநிலையும் குறையும். சுமாராக 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் குறைகிறது. கப்பல் 3000 மீட்டர் உயரத்தில் போவதாக வைத்துக்கொள்வோம். அங்கே தண்ணீர் ஏறத்தாழ 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு விறகு வைத்தாலும், திறந்த பானையில் அதைத் தாண்டாது.

மைதா தப்பித்துக்கொள்ளும். கஞ்சியாதல் 60 டிகிரிவாக்கிலேயே ஆரம்பித்துவிடுகிறது. 90 டிகிரியிலும் மணிகள் நன்றாக ஊதும். தரையில் வைத்ததைவிடச் சற்று நீர்த்திருக்கலாம், அவ்வளவே. அகப்பட்டுக்கொள்வது உருளைக்கிழங்கும் கேரட்டும். பெக்டின் கரையும் வேகம் சூடு குறையக்குறைய வெகுவாகக் குறைந்துவிடும். தரையில் 15 நிமிடத்தில் வெந்த கிழங்கு அங்கே கடுக்கென்று நிற்கும். மலைப்பகுதிகளில் பிரஷர் குக்கருக்கு இருக்கும் மவுசு இதனால்தான். குக்கர் இல்லாத ஷீட்டா காயைச் சிறிதாக நறுக்கி, கனமான மூடி போட்டு, பால் சேர்க்குமுன் நெடுநேரம் வேகவிட்டால் போதும். இன்னொரு லாபமும் அவளுக்கு உண்டு. கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ரசம் தளும்பிச் சிந்தும், கெட்டிக்குழம்பு அவ்வளவு எளிதில் தளும்பாது.

ருசிபார்த்த கரண்டி

கெட்டியாக வைத்த ஸ்டூ அடுத்த வேளைக்குள் தண்ணீராகிப் போயிருப்பதைச் சிலர் கண்டிருப்பார்கள். பெரும்பாலும் குற்றவாளி, வாயில் வைத்துவிட்டு மறுபடி பானையில் விட்ட கரண்டி. உமிழ்நீரில் அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது. சோற்றை மென்றுகொண்டே இருந்தால் இனிப்பாவது இதன் வேலையால். அமைலோஸையும் அமைலோபெக்டினையும் நடுநடுவே வெட்டித் துண்டாக்குகிறது அது. சங்கிலி அறுந்தால் மணி நீரை விட்டுவிடுகிறது. நொதி தீர்ந்துபோகாமல் திரும்பத்திரும்ப வெட்டும் என்பதால் சில சொட்டு உமிழ்நீரே போதும். கொதிக்கும் பானையில் நொதி செயலிழந்துவிடும். ஆறி வெதுவெதுப்பாக இருக்கும் நேரம்தான் ஆபத்து.

தேனிலும் மாவை அறுக்கும் இதே வகை நொதி உண்டு. ஜப்பானியக் கறிக்குழம்பில் இனிப்புக்காகத் தேன் விடுகிறவர்கள், ரூ போடுவதற்கு முன்பே தேனைச் சேர்த்து நன்றாகக் கொதிக்கவிட வேண்டும் என்பார்கள். கடைசியில் விட்டால் குழம்பு நீர்த்துப்போகும்.

இரவும் மறுநாளும்

சூட்டைப் பிடித்துவைக்கும் குணத்துக்கு ஒரு மோசமான பக்கமும் இருக்கிறது. பெரிய பானையில் மிஞ்சிய ஸ்டூவை அடுப்பின்மேலேயே மூடிவைத்துவிட்டுத் தூங்கப்போனால், அதன் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியா மிக வேகமாகப் பெருகுவது 43 முதல் 47 டிகிரியில். அதன் வித்துகள் கொதிநிலையையும் தாங்கிப் பிழைக்கும். கெட்டிக்குழம்பின் அடியில் காற்றும் குறைவு. இந்தப் பாக்டீரியாவுக்குக் காற்றில்லாத இடம்தான் பிடிக்கும். ஜப்பானில் கறிக்குழம்பு, ஸ்டூ இரண்டுக்கும் இதைச் சொல்லி எச்சரிக்கிறார்கள். காலையில் மறுபடி கொதிக்கவைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பது தவறு. அதற்குள் பெருகியிருந்தால், மேலோட்டமாகச் சூடாக்குவதில் எல்லாம் சாவதில்லை.

செய்யவேண்டியது வெப்பச்சலனம் இல்லாத குறையைக் கையால் ஈடுகட்டுவது. பானையைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிக் கிண்டி ஆறவிடுங்கள். அகலமான, ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஊற்றுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தூரம் குறைந்தால் சூடு சீக்கிரம் வெளியேறும். உடனே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

காலையில் எடுத்துப் பார்த்தால் கரண்டி நட்டுக்கொண்டு நிற்கும். வெளியே கசிந்திருந்த அமைலோஸ் இழைகள் குளிரில் பக்கம்பக்கமாக வந்து மறுபடி பற்றிக்கொள்கின்றன. பழைய மாவுமணியின் ஒழுங்கு திரும்பவில்லை. புதிதாக ஒரு வலை பின்னிக்கொண்டிருக்கிறது. அப்படியே அடுப்பில் வைத்தால் அடி பிடிக்கும். ஓட்டமில்லாத குழம்பில் அடியிலுள்ள சூடு மேலே போக வழியிருக்காது. அரை டம்ளர் பால் விட்டு, சிறுதீயில், அடிவரை கிண்டியபடி கொதிவரும்வரை சூடாக்குங்கள். வலையின் பெரும்பகுதி தளர்ந்துவிடும். தளராத மீதியால் மறுநாள் ஸ்டூ முதல்நாளைவிடக் கொஞ்சம் கெட்டியாகவே இருக்கும். அதைச் சோற்றின்மேல் ஊற்றி, சீஸ் துருவிப்போட்டு, அடுமனைப் பெட்டியில் மேற்புறம் சிவக்கவைத்தால் ஜப்பானியர் டோரியா என்று அழைக்கும் பண்டமாகிவிடும். நீர்த்த குழம்பாக இருந்தால் சோற்றுக்குள் இறங்கிக் காணாமல் போயிருக்கும். மேலேயே நின்று சிவப்பது நேற்று ஊதிய அந்த 29 கிராம் மாவுச்சத்தின் புண்ணியம்.